டோன்ஆர்ம் வெயிட் செட் பண்ண டயல் போதுமா, டிஜிட்டல் கேஜ் வேணுமா?

ரெக்கார்ட் பிளேயர்ல ஊசிய தாங்குற கை தான் டோன்ஆர்ம், ஊசி ரெக்கார்ட் மேல எத்தன கிராம் அழுத்தணும்ங்குறது தான் இங்க பேச்சு. கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்குற தலை) மாத்துறப்போ ரெண்டு வழிலயும் செட் பண்ணி பார்த்துட்டு தான் சொல்றேன், நான் டிஜிட்டல் கேஜ் பக்கம், அதாவது ஊசி அழுத்தத்த அளக்குற சின்ன தராசு. டயலே போதும்னு சொல்றவங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

டயல் முறை தெரிஞ்சது தான். ஆன்டி-ஸ்கேட்ட (ஆர்ம் உள்பக்கமா இழுக்குறத ஈடு கட்டுற செட்டிங்) 0ல வெச்சு, ஊசி மூடிய கழட்டிட்டு, ஆர்ம் மேலயும் ஏறாம கீழயும் விழாம மிதக்குற வரைக்கும் பின்னாடி இருக்குற எடைய (கவுண்டர்வெயிட்) திருகணும், அப்புறம் நம்பர் வளையத்த மட்டும் 0க்கு கொண்டு வந்து, வெயிட்டயும் வளையத்தயும் சேர்த்து வேணுங்குற கிராமுக்கு திருப்பணும். தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல.

ஷ்யூர் எஸ்எஃப்ஜி-2 மாதிரி சீசா டைப் ஸ்கேலும் இருக்கு. பேட்டரி கிடையாது, பல வருஷம் உழைக்கும். அத கொஞ்ச நாள் தான் கையாண்டேன், அதனால ரொம்ப பேசல. ஊசி ஒரு முனைல, சின்ன எடை இன்னொரு முனைல, சமமா நிக்குதான்னு குனிஞ்சு கண்ணால பார்க்கணும், அந்த குனியுற வேலை தான் எனக்கு ஒத்து வரல.

இப்ப முக்கியமான விஷயம். டயல் எதையும் எடை போடறதில்ல. அது வெறும் நம்பர் அடிச்ச வளையம், விரலால தள்ளினா தனியா சுத்தும். அதுல வர்ற 2ங்குறது நீங்க மிதக்குதுன்னு முடிவு பண்ண அந்த 0வ நம்பி தான் நிக்குது. ஆர்ம் மிதக்குறத கிட்ட போய் பாருங்க, வெயிட்ட ஒரு துளி திருப்பினாலும் அசையாது, எதிர்ப்பக்கம் ஒரு துளி திருப்பினாலும் அப்படியே நிக்கும், ஏன்னா பேரிங்லயும் உள்ள ஓடுற மெல்லிசு வயர்லயும் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். பழைய பிளேயர்னா அந்த பிடிப்பு இன்னும் ஜாஸ்தி. அப்போ எது நிஜ 0? கண்ணு சொல்றது தான். கேஜ்ல அந்த கேள்வியே இல்ல, ஊசி உண்மையிலேயே எவ்வளவு அழுத்துதோ அது ஸ்க்ரீன்ல வந்துடும்.

இந்த சின்ன வித்தியாசம் பெருசான்னு கேட்டா, பெருசு தான். ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம், ஆடியோ டெக்னிக்கா விஎம்95இக்கு 1.8லருந்து 2.2 வரைக்கும், அதாவது மொத்த இடைவெளியே 0.4 கிராம் தான். எடை குறைஞ்சா ரெக்கார்டுக்கு நல்லதுன்னு பலரும் நினைக்குறாங்க, ஆனா லேசா இருந்தா ஊசி பள்ளத்துல ஒழுங்கா உட்காராம துள்ளும், அது தான் ரெக்கார்ட கெடுக்கும், பாட்டுல 'ச' வர்ற இடமெல்லாம் கரகரன்னு கேக்கும்.

பராமரிப்புலயும் கேஜ் தான் எனக்கு சவுகரியம். இடத்த மாத்தினீங்க, யாரோ வெயிட்ட தொட்டுட்டாங்கன்னா டயல்ல முதல்லருந்து மிதக்க விடணும், கேஜ்ல எதையும் கலைக்காம ஊசிய வெச்சு பார்த்தா முடிஞ்சுது.

கேஜ் வாங்குறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. கேஜ்ல ஊசி வைக்குற தட்டு, ரெக்கார்டோட மேல்பரப்பு இருக்குற உயரத்துக்கு பக்கத்துல இருக்கணும், கேஜ் தடியா இருந்தா சில ஆர்ம்ல அளவு மாறிடும், ரெக்கார்டுக்கு அடியில இருக்குற மேட்ட எடுத்துட்டு வெச்சா கொஞ்சம் சரியாகும். இன்னொன்னு, அந்த தட்டு காந்தம் இழுக்குற இரும்பா இருக்க கூடாது. டெனான் டிஎல்-103 மாதிரி மூவிங் காயில் (உள்ள கம்பிச்சுருள் அசையுற வகை) கார்ட்ரிட்ஜ்ல காந்தம் பலமா இருக்கும், அது இரும்ப பாத்து கீழ இழுத்தா எடை கூட காட்டும், நீங்க அத நம்பி குறைச்சிடுவீங்க. நான் பெரும்பாலும் மூவிங் மேக்னட் (காந்தம் அசையுற வகை) தான் போடுறதால இது எனக்கு தொந்தரவு குடுக்கல. கூட வர்ற 5 கிராம் எடைய அப்பப்ப வெச்சு 5.00 காட்டுதான்னு பாருங்க, அளக்குறப்போ பிளாட்டர் (ரெக்கார்ட் வைக்குற சுத்துற வட்டு) சுத்தாம பிடிச்சுக்கோங்க.

ஆன்டி-ஸ்கேட்டுக்கு இந்த கேஜ் உதவாது, அதுக்கு காது தான். கிராம் நம்பரையே அங்கயும் வெச்சு ஆரம்பிங்க, ரெக்கார்டோட கடைசி பாட்டுல வலது பக்கம் மட்டும் கரகரப்பு வந்தா கொஞ்சம் கூட்டுங்க, இடது பக்கம் வந்தா குறைங்க.