பெரியப்பாவின் கல்வெட்டு அடித்த வவுனியா அச்சகம்

காலமான பெரியப்பாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (அவர் நினைவாகக் கொடுக்கும் சிறு புத்தகம்) அடிக்க வவுனியாவில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். 1956இல் இராணுவத்தில் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்று, பிறகு நெடுங்கேணியில் வயல் செய்தவர் அவர். அன்டன் முத்துக்குமாரு இராணுவத் தளபதியாக இருந்த காலத்து (1955–1959) ஆள், அதை ஒரு தரமாவது சொல்லாமல் பேச்சை முடித்ததில்லை. போர் நடந்த வன்னியில் இராணுவச் சீருடைப் படத்தை அட்டையில் போடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். அச்சகத் தம்பிதான், "வேட்டி கட்டின படத்தை வெளியில போடுங்கோ அண்ணை, சீருடை உள்ளுக்கு வரட்டும்" என்றார். சரியாகப் பட்டது.

பூஞ்சணம் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை, மார்பில் இருந்த மெடல் தெரியும்படி சரிசெய்து தந்தார்கள். அது அருமை. ஆனால் முதல் புரூப்பில் 'கப்டன்' என்று வந்தது, அப்புறம் 1972க்கு முன் அது சிலோன் ஆமி என்று படித்துப் படித்துச் சொல்லியும் எல்லா இடத்திலும் ஸ்ரீலங்கா என்றே போட்டிருந்தார்கள். திருத்தியதற்குக் காசு வாங்கவில்லை. புத்தகங்கள் அந்தியேட்டியன்று, அதாவது 31ஆம் நாள் கிரியையன்று, காலை ஏழு மணிக்குத்தான் கைக்கு வந்தன, தேவாரப் பக்கத்தில் மைகூடக் காயவில்லை. போவதென்றால் பத்து நாள் முன்னதாகப் போங்கள்.