தேர்டு பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா? படிவத்தில் சொல்லும் பொய்யையும் சேர்த்து ஒரு கணக்கு

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது நாம் பெரும்பாலும் பிரீமியத்தை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். படிவத்தில் நாம் தரும் தகவல் எந்த பாலிசியை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதையும் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

முதலில் தேர்டு பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி இது இல்லாமல் வண்டி சாலையில் இறங்கக் கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. எதிராளி இறந்தாலோ காயமடைந்தாலோ நீதிமன்றம் சொல்லும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. உங்கள் கார் திருடு போனாலும் நொறுங்கினாலும் பைசா வராது.

இந்த பாலிசியில் பொய் சொல்ல இடமும் குறைவு, லாபமும் குறைவு. கட்டணம் இன்ஜின் சிசியைப் பொறுத்தது, அது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. கிளைம் கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது போன்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள் என்று கம்பெனிக்கு நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன. எதிராளிக்குப் பணம் கிடைத்துவிடும், வீடு தேடி நோட்டீஸ் வருவது உங்களுக்கு.

ஃபுல் இன்சூரன்ஸ் என்பது இதோடு சொந்தச் சேதத்துக்கான பகுதியும் சேர்ந்தது. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் இதில் வரும். இந்தப் பகுதியின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நீங்கள் சொல்லும் பதிலுக்கும் மாறும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நோ கிளைம் போனஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு கிளைம் இல்லையென்றால் 20 சதவீதம் தள்ளுபடி, படிப்படியாக ஏறி 50 வரை போகும். இது காருக்குச் சொந்தமல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய கார் வாங்குபவர்கள் பலர் விற்றவரின் 50 சதவீதத்தை அப்படியே தொடர்கிறார்கள். 'போன வருஷம் கிளைம் உண்டா?' என்ற கேள்விக்கு, "இல்லைன்னு போட்டுடலாம் சார், யாரு பாக்கப் போறாங்க" என்று ஏஜென்ட் சொல்வார். கிளைம் வரும்போது பார்ப்பார்கள். பழைய கம்பெனியிடம் விசாரித்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். சில ஆயிரம் மிச்சம் பிடித்ததற்காக லட்ச ரூபாய் பில்லை முழுதாகச் சொந்தக் கையால் கட்ட வேண்டி வரலாம். கேஸ் கிட் பொருத்திவிட்டு ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றாமல் விடுவதும், ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) காரை வாடகைக்கு ஓட்டுவதும் இதே ரகம்தான். வாடகை ஓட்டம் என்று தெரிந்தால் சொந்தச் சேத கிளைம் தேறுவது கடினம்.

படிவத்தில் அதைவிட மோசமான ஒரு டிக் உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் தரும் விபத்துக் காப்பீடு பற்றியது அது. வேறெங்காவது அந்த அளவுக்குக் காப்பீடு இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இல்லாமலேயே 'இருக்கிறது' என்று அறிவித்து சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது குடும்பம்.

மூன்றாவது, பம்பர் டு பம்பர். ஃபுல் பாலிசியோடு கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன் இது. சாதாரண ஃபுல் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இதில் அந்தத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால் வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் இதுவும் உதவாது, அதற்கு இன்ஜின் புரொடெக்ட் தனியாக வேண்டும். சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு என் ஓட்டு இன்ஜின் புரொடெக்டுக்குத்தான்.

சரி, எது யாருக்கு? பன்னிரண்டு வயதான சின்னக் கார், விற்றாலும் பெரிதாகத் தேறாது என்றால் தேர்டு பார்ட்டி போதும். கடனில் வாங்கிய புது கார் என்றால் வங்கியே ஃபுல் இன்சூரன்ஸ் கேட்கும், பம்பர் டு பம்பரும் சேர்க்கலாம். ஐந்தாறு வயது கார் என்றால் ஃபுல் போதும், பம்பர் டு பம்பர் தேவையில்லை.

அப்போதும் பிரீமியம் கையைக் கடித்தால் நேர்வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளைமிலும் 2,500 அல்லது 5,000 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வாலன்டரி டிடக்டிபிள். சின்னச் சின்னக் கீறலுக்கு கிளைம் போடாதவருக்கு அது நல்ல பேரம்.