மூடுல் மென்பொருளின் பெயர் மறைப்பு: பெயர் மறைகிறது, ஆள் மறைகிறாரா?

பொதுத்தேர்வு விடைத்தாளைப் பெயர் தெரியாமல் திருத்துவது நமக்குப் பழக்கம். அக மதிப்பீட்டில்தான் பெயரும் முகமும் தெரிந்தே மதிப்பெண் விழுகிறது. அந்த ஓட்டையை அடைக்க, கல்லூரிகள் இணையவழிப் பாடத்துக்குப் பயன்படுத்தும் மூடுலின் அசைன்மென்ட் (ஒப்படைப்பு) பகுதியில், திருத்துபவருக்கு மாணவர் பெயரை மறைக்கும் 'அனானிமஸ் சப்மிஷன்ஸ்' இருக்கிறது. இலவச மென்பொருள், கல்லூரியில் ஏற்கெனவே மூடுல் இருந்தால் தனிச்செலவு இல்லை. கட்டாயம் பயன்படுத்த வேண்டிய வசதி, ஆனால் பாதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இஸ்ரேலில் பள்ளி இறுதித் தேர்வுக்குச் சொந்த ஆசிரியர் ஒரு மதிப்பெண்ணும், மாணவரின் பெயரை அறியாத வெளி ஆள் இன்னொன்றும் தருவார்கள். இரண்டையும் ஒப்பிட்ட பொருளாதார அறிஞர் விக்டர் லாவியின் 2008 ஆய்வில், பெயர் தெரிந்த திருத்தத்தில் பையன்களுக்கே மதிப்பெண் குறைவு. பின்னர் எடித் சாண்டுடன் அவர் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, கணக்கில் சாய்வு பையன்கள் பக்கம் இருந்தது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் இரு பாலருக்கும் இந்தத் திரை தேவை.

அசைன்மென்டின் அமைப்புகளில் 'கிரேடு' பகுதிக்குப் போய், 'அனானிமஸ் சப்மிஷன்ஸ்' என்பதற்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். ஒருவர் சமர்ப்பித்துவிட்டாலும் அமைப்பு பூட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற வழியில்லை. ஆகவே அசைன்மென்டைத் திறக்கும் முன்பே செய்துவிடுங்கள். பெயருக்குப் பதில் 'பார்ட்டிசிபன்ட்' என்று ஓர் எண் வரும். பெயர்களை வெளிப்படுத்தும் 'ரிவீல்' அழுத்தும்வரை மதிப்பெண் கிரேடுபுக்குக்கு (மதிப்பெண் பதிவேட்டுக்கு) போகாது. அழுத்திவிட்டால் திரும்ப மறைக்க முடியாது. ஒரே மாணவரின் சிக்கலைத் தீர்க்க நடுவில் அழுத்தினால் வகுப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

பெயர் கசிவது பெரும்பாலும் கோப்பு வழியாகத்தான். கோப்பின் பெயர், முதல் பக்கம், வேர்டு கோப்புக்குள் பதிந்திருக்கும் 'ஆதர்' விவரம் ஆகிய மூன்றையும் நீக்கச் சொல்லி அறிவிப்பிலேயே எழுதுங்கள். கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றினால் மறைப்புக்குப் பொருளே இல்லை. தட்டச்சு செய்யச் சொல்லலாம். தமிழில் 'எழுதினேன்' பாலைக் காட்டாது, அது நல்லது. ஆனால் திருத்துபவரின் குறிப்பில் 'நன்றாக விளக்கியிருக்கிறாள்' என்று வந்தால், அவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் உருவம் வந்துவிட்டது. அந்தத் தாளை இன்னொருவரிடம் கொடுங்கள்.

கூடவே, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே வரையறுக்கும் 'ரூப்ரிக்' முறையையும் தேர்ந்தெடுங்கள். 'நேர்த்தி: 5' போன்ற வரி வேண்டாம், பிள்ளையைப் பற்றிய நம் எண்ணம் நுழையும் இடமே அதுதான். 'படத்தில் எல்லாப் பாகங்களுக்கும் பெயர்: 2, பாதிக்கு: 1, இல்லையேல் 0' என்று எழுதினால் வாதத்துக்கு இடமிருக்காது.

வாய்மொழித் தேர்வு, செய்முறை, செமினாருக்கு இந்த வசதி உதவாது. அங்கே இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுவதே வழி. 'ரிவீல்' செய்த பின் மதிப்பெண்களை எக்செல்லில் இறக்கி, பெயர் மறைத்த தேர்வின் ஆண், பெண் சராசரியை வாய்மொழி சராசரியோடு வைத்துப் பாருங்கள். 30 பேர் வகுப்பில் ஒருமுறை வரும் இடைவெளி தற்செயலாக இருக்கலாம். நான்கைந்து முறையும் ஒரே பக்கம் விரிந்தால் வாய்மொழிக் கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.