விதைக் கலவை வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்கவும்: என் 11,950 ரூபாய் போன கதை

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு விதை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இப்போது காலை ஆறு மணி. தூக்கமே வரவில்லை. கோபத்தில் எழுதுவதால் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விதை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் படிக்கட்டு நிலம் இருக்கிறது. மேலே பூண்டு. கீழே சோலைக்காட்டை ஒட்டி 40 சென்ட். அதில் கேரட் போட்டாலும் முட்டைக்கோஸ் போட்டாலும் காட்டுமாடு விட்டுவைப்பதில்லை. மூன்று வருடமாகத் தரிசாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் காட்டு விலங்குகள் மேய்வதற்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பல தீவன விதைகளைக் கலந்து விதைக்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். அங்கே அதைச் செய்வது பெரும்பாலும் மான் வேட்டைக்காரர்கள். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இருந்த ஆசை வேறு: காட்டுமாடும் கேளையாடும் முயலும் கீழேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் மேலே பூண்டுக்கு வராதே என்பதுதான்.

சித்தப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "பந்தி போட்டுக் கூப்பிடுறியா? கீழ சாப்பிட்டுட்டு மேல வந்து கை கழுவும், பாரு." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அதைத் தனியாக ஒரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். இங்கே என் சண்டை விதை விற்றவனோடு.

எல்லாப் பொருளும் விற்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் "காட்டுயிர் தீவனக் கலவை" என்று போட்டிருந்தான். வெள்ளை க்ளோவர், சிவப்பு க்ளோவர் (மூன்று மூன்று இலையாக வரும் தீவனச் செடி), ஓட்ஸ், ரை புல், சிக்கரி என்று ஐந்து வகை. இரண்டு கிலோ பாக்கெட் 2,900 ரூபாய். பாக்கெட்டின் மேல் கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஒரு வெளிநாட்டு மான். விலையைப் பார்த்துத் தயங்கி, அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். நான் விழுந்தது அந்த ஒரு போனில்தான்.

எடுத்தவுடன் விற்பனைப் பேச்சே இல்லை. "அண்ணா, உங்க நிலம் எந்தப் பக்கம் பாத்த சரிவு? காலை வெயிலா, சாயங்கால வெயிலா?" என்று கேட்டான். என் கூடப் பிறந்தவர்கள்கூடக் கேட்காத கேள்வி அது. மண் புளிப்பாக இருக்குமே, சுண்ணாம்பு போட்டீர்களா என்றான். ஐப்பசி மழைக்கு முன்னால் விதையுங்கள், க்ளோவர் விதை பொடி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் மேலே வராது என்றான். எல்லாமே சரியான பேச்சு. இப்போது யோசித்தாலும் அதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பத்து கிலோ கேட்டேன். "வேண்டாம்ணா, ஏக்கருக்கு இருபது கிலோ, உங்களுக்கு எட்டு போதும், காச வீணாக்காதீங்க" என்றான். வியாபாரி ஒருவன் அளவைக் குறைத்துச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? க்ளோவருக்குப் போடும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைத் தனியாக வாங்கவா என்று கேட்டதற்கு, விதை மேலேயே பூசி வருகிறது, தேவையில்லை என்றான். நான்கு பாக்கெட் 11,600, பார்சல் கூலி 350. மொத்தம் 11,950 ரூபாய். பொருள் வருவதற்கு முன்பே கட்டினேன்.

பார்சலை வத்தலக்குண்டு போய் எடுத்து வந்தேன். ஐந்தாம் நாள் மூன்று பாக்கெட்டைப் பிரித்து, மணலோடு கலந்து தூவினேன். ஒரு பாக்கெட்டை இடைவெளி விழுந்தால் தூவலாம் என்று வைத்துக்கொண்டேன். விதையில் ஒட்டியிருந்த பச்சைப் பொடி கையெல்லாம் அப்பிக்கொண்டது. நல்ல மழை. பத்து நாளில் அங்கங்கே ஓட்ஸ் தலை காட்டியது. பதினைந்தாம் நாளும் அதே ஓட்ஸ்தான். க்ளோவர் என்று ஒரு மூவிலை கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், வெள்ளை க்ளோவர் கொடைக்கானலில் புல்தரை ஓரமெல்லாம் தானாகப் பூத்துக் கிடக்கிறது. "ரோட்டோரம் சும்மா கிடைக்கிறத காசு குடுத்து வாங்கி, அதையும் முளைக்க வைக்கத் தெரியல" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் புல் விதைத்தே தலை நரைத்த பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "பொடி விதை பையில அடியில இறங்கிடும், மேல கனமான ஓட்ஸ்தான் நிக்கும். நல்லாக் கலக்காம தூவினியா?" என்றார். கலக்கித்தான் தூவினேன். அப்படியானால் சோதித்துப் பார் என்றார். பைகளின் அடியில் மிஞ்சியிருந்ததை அம்மா முறத்தில் போட்டுப் புடைத்துப் பிரித்துக் கொடுத்தார். முக்கால்வாசி ஓட்ஸ், மிச்சத்தில் பாதி உமியும் கல்லும். பொடி விதையில் நூறை எண்ணி ஈரத்துணியில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைத்தேன், இந்தக் குளிருக்கு அங்கேதான் கொஞ்சம் சூடு. பத்து நாளில் முளைத்தது நான்கு. நூற்றுக்கு நான்கு! ஓட்ஸையும் அப்படியே வைத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 61. ஒட்டன்சத்திரத்தில் விசாரித்தால் தீவன ஓட்ஸ் விதை கிலோ நூறு ரூபாயைத் தாண்டவில்லை. நான் கொடுத்தது கிலோவுக்கு 1,450.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில் "இன்னும் ஒரு வாரம் பொறுங்கண்ணா". ஒரு வாரம் கழித்து "மழை அதிகமாகி அடிச்சுட்டுப் போயிருக்கும்". அடுத்து "குருவி பொறுக்கியிருக்கும்". துணிச் சோதனையைப் போட்டோ எடுத்து அனுப்பினால், "ரைசோபியம் கலந்தீங்களா?" என்கிறான். பூசி வருகிறது, வாங்காதே என்று சொன்னவன் இவன்தான்! அதுவும் போகட்டும், ரைசோபியம் முளைத்த செடியின் வேரில் முடிச்சு கட்டுவதற்கு. ஈரத்துணியில் விதை முளைவிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதைக் கேட்ட பிறகு அண்ணா போய் சார் வந்தது. "சார், நீங்க எங்க வேணா கம்ப்ளெயின்ட் பண்ணிக்கங்க." நேற்று பிளாக்.

தளத்துக்காரர்கள் இன்னும் மேல். சாட்டில் நான்கு முறை "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்தது. பொருள் வந்து ஏழு நாளுக்குள், பிரிக்காமல் இருந்தால்தான் திருப்பி எடுப்பார்களாம். க்ளோவர் வெளியே தெரியவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முளைக்குமா என்று தெரிவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது, பிரிக்காமல் விதைக்கவும் முடியாது. செருப்புக்கும் சட்டைக்கும் போட்ட விதியை விதைக்கும் போட்டிருக்கிறார்கள். பிரிக்காத நான்காவது பாக்கெட்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கும் நாள் தாண்டிவிட்டதாம். 11,950-இல் ஒரு ரூபாய் திரும்பவில்லை. உழவு கூலியும் சுண்ணாம்பும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் வேலைக்கு ஆள் வந்துவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் அட்டை இருக்கிறதா பாருங்கள்: சான்று பெற்ற விதைக்கு நீலம், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. குவியல் எண், முளைப்புத்திறன் சதவீதம், சோதித்த தேதி எல்லாம் அதில் இருக்கும். எனக்கு வந்த நான்கிலும் மான் படம் மட்டும்தான் இருந்தது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே பிரித்தேன். விதை விற்க 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும், அந்த எண்ணைப் போனிலேயே கேளுங்கள். கலவையாக வாங்காதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். பார்சல் வந்த அன்றைக்கே நூறு விதையை ஈரத்துணியில் போடுங்கள், முளைப்பதைப் பார்த்த பிறகு ஏர் கட்டினால் போதும். பில்லையும் பாக்கெட் கவரையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு கவரை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாகிவிட்டது. நான்காவது பாக்கெட்டை அப்படியே துணியில் கட்டி பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை விதை ஆய்வாளரிடம் எடுத்துப் போகிறேன். அதற்குள் யாராவது அந்த மான் படம் போட்ட பாக்கெட்டை வாங்கியிருந்தால் கீழே எழுதுங்கள். முளைத்திருந்தாலும் எழுதுங்கள், எனக்குத் தெரிய வேண்டும்.