சிங்கப்பூரில் எந்த சிம்? பிரீபெய்டா, ஒப்பந்தமா, சிம் மட்டும் திட்டமா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் போன் திட்டம் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "எதுல ஜிபி அதிகம்?" என்பதுதான். இங்கே ஜிபிக்குப் பஞ்சமே இல்லை. மாதம் 10, 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திட்டத்தில் தருவதையே பலரால் செலவழித்து முடிக்க முடிவதில்லை. அதனால் நான் வேறு கேள்விகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் பாஸ், அதாவது இங்கே வேலை செய்ய அரசு தரும் அனுமதி, இன்னும் எத்தனை மாதத்துக்குச் செல்லும்? ஊரில் நீங்கள் தினமும் பேசுகிறவர் கையில் இருப்பது ஸ்மார்ட்போனா, பட்டன் போனா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பாதி விளம்பரங்களை அப்படியே தள்ளிவிடலாம்.

முதலில் கடையில் இருப்பது என்னென்ன என்று பார்ப்போம். பெயர்கள் ஏராளமாகத் தெரிந்தாலும் சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவை நான்குதான்: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. 1997 வரை சிங்டெல் ஒன்றே இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் எம்1 வந்தது, 2000 ஏப்ரலில் ஸ்டார்ஹப். நான்காவது இடத்தை 2016 டிசம்பரில் நடந்த ஏலத்தில் 105 மில்லியன் வெள்ளி கொடுத்து ஆஸ்திரேலியாவின் டிபிஜி பிடித்தது. அது 2020ல் 10 வெள்ளிக்கு 50 ஜிபி என்று கடை திறந்த பிறகுதான் மற்றவர்களும் விலையில் இறங்கி வந்தார்கள். 2022ல் அதன் பெயர் சிம்பா என்று மாறியது. மீதிப் பெயர்கள் எல்லாம் இந்த நான்கில் ஒன்றின் அலைவரிசையில் ஓடுபவை. 2016ல் வந்த சர்க்கிள்ஸ்.லைஃப் எம்1 நெட்வொர்க்கில் தொடங்கியது. கோமோ சிங்டெலின் பிள்ளை, கிகா ஸ்டார்ஹப்பின் பிள்ளை.

இது தெரிந்தால் ஒரு வசதி உண்டு. மலிவான பெயர் ஒன்றை எடுக்க யோசிக்கிறீர்கள், ஆனால் சிக்னல் எப்படி இருக்குமோ என்று சந்தேகம். அது எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு, அதே நெட்வொர்க் வைத்திருக்கும் நண்பரை உங்கள் தங்குமிடத்துக்கு வரச் சொல்லிப் பாருங்கள். வரவேற்பறையில் அல்ல, நீங்கள் படுக்கும் இடத்தில், மின்தூக்கியில், வேலையிடத்தின் அடித்தளத்தில் பார்க்க வேண்டும். சிம்பா நான்கில் இளையது என்பதால் அதற்கு இந்தச் சோதனை கட்டாயம் என்பேன். பரிசோதனையில் தேறிவிட்டால் தாராளமாக எடுங்கள்.

இன்னொன்று, ஊரிலிருந்து பழைய பட்டன் போனைக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டும். இங்கே 2ஜி 2017ல் போனது, 3ஜி 2024ல் போனது. 4ஜியில் குரல் அழைப்புக்கு வழியில்லாத போன் இங்கே கடிகாரம் பார்க்கத்தான் உதவும்.

சரி, மூன்று வழிகளையும் எதிரெதிரே வைப்போம்.

பிரீபெய்ட் கார்டு

சாங்கியில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குவது. சிங்டெலின் ஹாய், ஸ்டார்ஹப்பின் ஹேப்பி, எம்1 கார்டு என்று லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் முஸ்தபா பக்கத்திலும் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். பில் வராது, முன்பணம் கிடையாது, டாப்-அப் தீர்ந்தால் தீர்ந்தது. ஒரு வெள்ளிக்கு எவ்வளவு டேட்டா என்று கணக்குப் பார்த்தால் மாதத் திட்டங்களுக்குப் பக்கத்தில் நிற்காது என்றுதான் பலரும் இதை ஒதுக்குகிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் பேசும் நிமிடங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் குறிவைத்து விற்கும் கார்டுகளில் இந்த நிமிடங்கள் திட்டத்தோடு சேர்ந்தே வரும், அல்லது மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மலிவு விலை மாதத் திட்டங்கள் பலவற்றில் வெளிநாட்டு அழைப்பு தனிக் கட்டணம். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, வாட்ஸ்அப் என்றால் பக்கத்து வீட்டுப் பையன் வர வேண்டும் என்றால், 10 வெள்ளிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி கிடைத்து என்ன பயன்? அவருக்குத் தேவை அவர் எண்ணுக்கு நேராகப் போகும் அழைப்பு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு பிரீபெய்ட் கார்டுதான் சரி, தங்குவிடுதியில் வைஃபையும் இருந்தால் இன்னும் சரி.

வீட்டில் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் என்றால் நிலைமை தலைகீழ். சிங்கப்பூரில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இல்லை. அமீரகத்தில் இருக்கும் நம் ஆட்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்: அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளைத் தேட வேண்டும். துபாயில் இருக்கும் மச்சான் சொன்ன ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பது இதனால்தான்.

ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்ட் கார்டுக்கு மேல் வாங்க முடியாது. 2014 முதல் இதுதான் விதி.

போனோடு வரும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம்

புதிய ஐபோனோ சாம்சங்கோ கையில், முன்னால் கொடுப்பது கொஞ்சம், மீதி 24 மாதம். கண்ணைப் பறிக்கும் திட்டம் இது. வெளிநாட்டு வேலைப் பாஸில் இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

காரணம் எளிது. வேலை அனுமதிச்சீட்டும் எஸ் பாஸும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தரப்படுபவை. எம்ப்ளாய்மென்ட் பாஸும் முதல் முறை அவ்வளவுதான். வேலை கிடைத்து, வந்து, குடியேறி நீங்கள் கடைக்குப் போகும்போதே அதில் சில மாதங்கள் கழிந்திருக்கும். ஆக, ஒப்பந்தம் உங்கள் பாஸைவிட நீளம். பாஸ் புதுப்பிக்கப்படும் என்று நம்பித்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். நிறுவனம் ஆள் குறைத்தால் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ்காரர்களுக்குப் பொதுவாக 30 நாள்தான் தங்க அனுமதி. வேறு வேலை தேட வேண்டும், வாடகை வீட்டை முடிக்க வேண்டும், பிள்ளைகள் இருந்தால் பள்ளி. அந்த நேரத்தில் போன் ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்கு மீதி மாதங்களைக் கணக்கிட்டு ஒரு தொகை கேட்பார்கள். கையில் பணம் குறையும் நாளில் வரும் பில் இது.

பண அளவிலும் பெரிய லாபம் இருப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, போனுக்கு முன்னால் 300 வெள்ளி, மாதம் 60 என்று வைத்துக்கொள்வோம்: 24 மாதத்தில் 1,740. அதே போனைக் கடையில் 1,200க்கு வாங்கி மாதம் 15 வெள்ளி சிம் போட்டால் 1,560. எண்கள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உங்களுக்குச் சொல்லப்படும் எண்களை இதே போல் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் மாதத் தொகையை மட்டுமே பேசுவார். மொத்தத் தொகையை நீங்கள்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள், பாஸ் காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள்.

நிரந்தரவாசம் கிடைத்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வாங்கி, குடும்பத்தில் நான்கு லைன், வீட்டு இணையம் எல்லாம் ஒரே நிறுவனத்தில் சேர்த்துத் தள்ளுபடி வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் எடுக்கட்டும்.

சிம் மட்டும், ஒப்பந்தம் இல்லை

பெரும்பாலானோருக்கு என் பதில் இதுதான். சிம்பா, சர்க்கிள்ஸ், கோமோ, கிகா எல்லாம் இந்த வகையில்தான் போட்டி போடுகின்றன. மாதாமாதம் கட்டணம், வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், வேறொன்று நன்றாக இருந்தால் எண்ணோடு மாறிவிடலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் முழு வசதி 2008 ஜூன் முதல் இருக்கிறது. மாறும்போது பழைய லைனை முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். அது உயிரோடு இருந்தால்தான் எண் நகரும். இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே ஃபின் எண் (வெளிநாட்டவருக்கு அரசு தரும் அடையாள எண்) இருக்க வேண்டும். பிரீபெய்டைப் பாஸ்போர்ட்டில் வாங்கியிருந்தால் இங்கே சிக்கல் வரும், அதனால் ஃபின் எண் வந்த கையோடு மாதத் திட்டத்துக்குப் போய், அந்தப் போன் எண்ணையே வங்கிக்கும் சிங்பாஸுக்கும் (அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளம்) கொடுப்பது நல்லது.

இந்த நான்குக்குள் எது என்றால், நான் டேட்டா அளவைப் பார்ப்பதில்லை. இந்திய ரோமிங் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பல திட்டங்களில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்துக்கு டேட்டா சேர்த்துத் தருகிறார்கள். ஜொகூருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அது போதும். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர் அந்த நாட்டுப் பட்டியலில் இந்தியா இருக்கிறதா என்று பெயர் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள். "ஆசியா ரோமிங்" என்ற தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

5ஜிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எம்ஆர்டி ரயிலில் யூடியூப் பார்க்கவும் அம்மாவோடு வீடியோவில் பேசவும் 4ஜி தாராளம்.

ஊர் எண்ணை என்ன செய்வது?

இங்கே எந்தத் திட்டம் எடுத்தாலும் கூடவே வரும் செலவு இது, ஒப்பிடும்போது பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் இந்திய எண்ணில்தான் கட்டுண்டு கிடக்கின்றன. 90 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் அந்த எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பிறகு அது வேறு யாருக்கோ போய்விடும். உங்கள் வங்கி ஓடிபி அந்நியர் கைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

முன்பு இதற்காக வேண்டாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தோம். 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு, குரலும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ்கள் வந்தன. 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று வைத்தன. ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரீசார்ஜ் இருந்தும் ஓடிபி வந்து சேராது. டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை இங்கிருந்து எடுத்தால் காசு போகும், அதனால் வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் இந்தியாவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்தலாம் என்று பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தது, சிங்கப்பூர் அதில் உண்டு. உங்கள் வங்கி இதற்கு இடம் கொடுத்தால் சிங்கப்பூர் எண்ணைப் பதிந்துகொள்ளலாம். அப்படி இருந்தாலும் ஆதாருக்காக ஊர் எண்ணை விடாமல் வைத்திருப்பதையே நான் விரும்புவேன்.

இரண்டு எண்ணும் ஒரே போனில் இருக்க, சிங்கப்பூர் லைனை இசிம்மாகவும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஊர் சிம்மைத் துளையிலும் போடுவது வசதி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஊர் எண்ணில் ஒரு டேட்டா ரீசார்ஜ் போட்டால் முடிந்தது, ரோமிங் பொதி வாங்க வேண்டியதில்லை.

பெயர் கொடுக்கும் முன்

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது வந்து, "தம்பி, உன் பேர்ல ஒரு சிம் எடுத்துக் குடு, காசு தர்றேன்" என்று கேட்டால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். மோசடிக் கும்பல்களுக்குப் போய்ச் சேரும் சிம்கள் இப்படித்தான் கிளம்புகின்றன. 2025 ஜனவரி 1 முதல் இது தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. ஊரில் கடன் வாங்கி வந்தவருக்கு அந்த இருபது, முப்பது வெள்ளி பெரிதாகத் தெரியும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டினால் பாஸும் போய், வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். உங்களுக்குத் தெரிந்த புதுப் பையன்களிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், அண்ணன் என்று கூப்பிடுகிறவர்கள் அவர்கள்.

நாடு திரும்பும்போது

சிங்கப்பூரை விட்டுக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட் போட்ட அன்றே லைனை ரத்து செய்வதைப் பார்க்கிறேன். அவசரப்படாதீர்கள். வெளிநாட்டவர் வேலையை விடும்போது நிறுவனம் வரித் தீர்வுக்காகக் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். வரித்துறை கணக்கு முடித்த பிறகுதான் மீதி உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தப் பணத்தை ஊருக்கு மாற்றவும், கணக்கை மூடவும், சிங்பாஸுக்குள் நுழையவும் இந்த எண் வேண்டியிருக்கலாம். ஒப்பந்தம் இல்லாத மலிவுத் திட்டத்தில் இருந்தால் இன்னும் ஓரிரு மாதக் கட்டணம் கட்டி, ரோமிங்கில் எஸ்எம்எஸ் மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு ஊரிலிருந்தே செயலி வழியாக நிறுத்திவிடலாம்.