பெல்கிரேடு–பார் ரயில்: சேலத்துக் குடும்பங்களுக்குச் சரிப்படுமா?

செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து மான்டினீக்ரோவின் பார் துறைமுகம்வரை 476 கி.மீ., 254 சுரங்கங்கள்; 1976இல் திறந்த பாதை. ஏற்காட்டு பஸ்ஸின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகூட இதில் தாங்கும். காதுதான் அடைக்கும்: 1,032 மீட்டர் உயரத்திலுள்ள கொலாஷின் நிலையத்திலிருந்து மான்டினீக்ரோ தலைநகர் பொத்கொரிட்சாவுக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். நடுவே 198 மீட்டர் உயர மாலா ரியேகா பாலம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் காலடியில் வெறும் காற்று.

ஒற்றைத் தடம், எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்பதால் தாமதம் சகஜம். அன்றைக்கே விமானம் போடாதீர்கள். இரவு வண்டியில் எல்லை வந்ததும் பாஸ்போர்ட் பார்க்க எழுப்புவார்கள், பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.

வண்டியில் சாப்பாட்டை நம்ப வேண்டாம். தட்டுவடை செட்டுக்குத் தட்டையை இங்கிருந்தே கட்டுங்கள். காரட், பீட்ரூட்டை அங்கே துருவிக்கொள்ளலாம். சட்னி மட்டும் வேண்டாம், புளித்துவிடும். மிச்சமுள்ள செர்பியப் பணமான தினாரை பெல்கிரேடிலேயே மாற்றுங்கள், மான்டினீக்ரோவில் யூரோதான்.