லினக்ஸில் டொரண்ட் போக்குவரத்து விபிஎன்னைத் தாண்டாமல் காப்பது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டொரண்ட் மூலம் ஒரு கோப்பைப் பெறுபவரின் ஐபி முகவரி, அதே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற எல்லாருக்கும் தெரியும். டிராக்கரும் (பகிர்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) டிஹெச்டியும் (அந்தப் பட்டியலைக் கணினிகளே தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை) முகவரிகளைப் பரப்புவதால்தான் கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன என்பதால், இதை நெறிமுறையின் குறை என்று சொல்ல முடியாது. லினக்ஸ் வழங்கல்களின் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல்) கோப்புகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பதிப்புரிமைக் கட்டுப்பாடற்ற தொகுப்புகளையும் இரவும் பகலும் பகிர்ந்துகொண்டிருக்கும் ஒரு கணினியை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதன் வீட்டு முகவரி உலகெங்கும் தொடர்ந்து பதிவாகிக்கொண்டிருப்பதை விரும்பாததால்தான், போக்குவரத்தை மறைகுறியாக்கித் தன் சர்வர் வழியே அனுப்பும் விபிஎன்னை நாடினேன். விபிஎன் முகவரியை மறைக்குமே தவிர, பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றாது. இணைய இணைப்பு வழங்குநர் மீது வைத்திருந்த நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்தின் மீது மாற்றி வைக்கிறோம் என்பதையும் அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

விபிஎன் இணைப்பு இயங்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். அது அறுந்து விழும் கணத்தில்தான் ஆபத்து. எடுத்துக்காட்டாக, ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் பொதுவாகப் பழைய இயல்புநிலை வழியை (வீட்டு ரவுட்டருக்குச் செல்லும் பொதுவான வழியை) அழிக்காமல், முகவரிகள் அனைத்தையும் இரு பாதியாகப் பிரித்துக்கொள்ளும் 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரு வழிகளை அதற்கு மேல் வைக்கிறது. விபிஎன்னின் மெய்நிகர் நெட்வொர்க் இணைப்பான சுரங்க இடைமுகம் மறைந்தால் அந்த இரு வழிகளும் மறைந்துவிடும். அடியில் காத்திருந்த பழைய வழி உடனே செயல்படத் தொடங்கும். உலாவியில் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவர் அப்போது ஏதோ தடங்கல் என்று கவனிக்கக்கூடும். டொரண்ட் கிளையன்ட்டோ (பதிவிறக்கிப் பகிரும் நிரல்) யாரும் பார்க்காத நேரத்திலும் நூற்றுக்கணக்கான இணைப்புகளை விடாமல் முயன்றுகொண்டிருப்பதால், சில நொடிகளிலேயே உண்மையான முகவரியை எல்லாரிடமும் அறிவித்துவிடும்.

பலரும் முதலில் செய்வது, கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் கிளையன்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் நெட்வொர்க் இடைமுகத்தை விபிஎன் இடைமுகமாக மட்டும் தேர்ந்தெடுப்பது. நானும் நெடுநாள் அப்படியே பயன்படுத்தினேன். பியர் (பகிரும் மற்ற கணினி) இணைப்புகளைப் பொறுத்தவரை அது நன்றாகவே காக்கிறது. இடைமுகம் இல்லாவிட்டால் இணைப்புகளும் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தப் பிணைப்பு டொரண்ட் இயந்திரத்தின் சாக்கெட்டுகளை (இணைப்பு முனைகளை) மட்டுமே கட்டுப்படுத்துகிறது. டிராக்கரின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வினவல் கணினியின் பொதுவான வழியில்தான் செல்லும். புதிய வெளியீடுகளைத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடைகளும் தேடல் செருகுநிரல்களும் அப்படித்தான். ஆகவே கோப்புப் பகிர்வு மறைந்திருந்தாலும், எந்த டிராக்கரோடு பேசுகிறோம் என்பது வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

அடுத்ததாக லினக்ஸின் தீச்சுவரான என்எஃப்டேபிள்ஸின் விதிகளால் கில் ஸ்விட்ச் அமைப்பது. வெளிச்செல்லும் போக்குவரத்து அனைத்தையும் தடுத்து, சுரங்கத்தையும் விபிஎன் சர்வரின் முகவரியையும் மட்டும் அனுமதிப்பது இதன் சாரம். இது வேலை செய்யும். ஆனால் நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கர் போன்ற மென்பொருள்களும் தம் விதிகளைச் சேர்க்கும் கணினியில் யாருடைய விதி எங்கே நிற்கிறது என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது. ஐபிவி4க்கு மட்டும் விதி எழுதிவிட்டு ஐபிவி6ஐ மறந்தவர்களுக்கு இது பாதுகாப்பே இல்லை. இருக்கும் ஒரு கதவை எப்போதும் பூட்டியே வைத்திருக்க வேண்டிய பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது. அந்தக் கதவே இல்லாத அறையில் கிளையன்ட்டை வைத்தால் என்ன என்பதுதான் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தரும் விடை. நான் இன்றுவரை பயன்படுத்துவதும் அதுவே.

நேம்ஸ்பேஸ் என்பது லினக்ஸ் கெர்னல் ஒரு நிரலுக்குத் தரும் தனி நெட்வொர்க் உலகம். அதற்கென்று தனி இடைமுகங்களும் தனி வழி அட்டவணையும் உண்டு. 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 கெர்னலில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை இதோடு அழகாகப் பொருந்துகிறது. வயர்கார்டு இடைமுகம் எந்த நேம்ஸ்பேஸில் உருவானதோ, அதன் மறைகுறியாக்கப்பட்ட யுடிபி பொட்டலங்கள் எப்போதும் அந்த நேம்ஸ்பேஸ் வழியாகவே வெளியேறும். இடைமுகத்தை வேறிடத்திற்கு நகர்த்தினாலும் இது மாறாது. ஆகவே இடைமுகத்தை முதன்மை நேம்ஸ்பேஸில் உருவாக்கி, டொரண்ட்டுக்கான நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்திவிட்டால், அங்கே சுரங்கமும் லூப்பேக்கும் (கணினி தன்னோடு தானே பேசும் இடைமுகம்) தவிர வேறெதுவும் இருக்காது. ஈதர்நெட்டோ வைஃபையோ அந்த உலகத்தில் கிடையாது. சுரங்கம் செயலிழந்தால் போக்குவரத்து திரும்பிச் செல்ல வேறு வழி இல்லை. பதிவிறக்கம் நிற்கும், அவ்வளவுதான். வீட்டு ரவுட்டர் கண்ணில் படாததால் யுபிஎன்பி மூலம் அதில் தானாகப் போர்ட் திறக்கும் முயற்சியும் பலிக்காது.

அமைக்கும்போது வரிசை முக்கியம். விபிஎன் நிறுவனம் தரும் உள்ளமைவுக் கோப்பு பெரும்பாலும் சுரங்கத்தை ஒரே கட்டளையில் அமைக்கும் டபிள்யூஜி-குயிக் கருவிக்காக எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள முகவரி, டிஎன்எஸ் வரிகளை அடிப்படைக் கருவியான டபிள்யூஜி ஏற்காது என்பதால் அவற்றை நீக்கி, தனியே கொடுக்க வேண்டும். சர்வரின் பெயர் முகவரியாக மாற்றப்படுவது உள்ளமைவை ஏற்றும் நேரத்தில் ஒரே முறைதான். எனவே நகர்த்துவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். பிறகு கியூபிட்டொரண்ட்டின் திரையில்லாப் பதிப்பைத் தனிப் பயனரின் பெயரில், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக இயக்கி, நேம்ஸ்பேஸின் பாதையைச் சேவைக் கோப்பிலேயே குறிப்பிட்டுவிட்டால், அந்தச் சேவை வெளியுலகில் தவறிக்கூட எழாது: நேம்ஸ்பேஸ் இல்லையென்றால் அது தொடங்கவே மறுக்கும். இந்த வசதி சிஸ்டம்டி 242ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நுண்ணிய கசிவு எஞ்சியிருக்கலாம். நேம்ஸ்பேஸ் நெட்வொர்க்கைப் பிரிக்கிறதே தவிர, கோப்பு முறைமையில் பாதையாக இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட்டுகளை (ஒரே கணினியின் நிரல்கள் தமக்குள் பேசும் வழிகளை) பிரிப்பதில்லை. பெயர்களை முகவரியாக மாற்றும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு சேவை அத்தகைய சாக்கெட் வழியாகவும் பெயர் வினவல்களை ஏற்கிறது. பெயர்களை எங்கே தேடுவது என்று கூறும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் அது முன்வரிசையில் இருந்தால், கிளையன்ட்டின் வினவல் அந்தச் சாக்கெட் வழியே வெளியுலகச் சேவையை அடைந்து, வீட்டு இணைப்பிலேயே சென்றுவிடும். இதற்காக, அந்தச் சேவைக்கு மட்டும் தெரியும்படி மாற்று என்எஸ்ஸ்விட்ச் கோப்பையும், விபிஎன்னின் டிஎன்எஸ் முகவரி கொண்ட ரிசால்வ் கோப்பையும் பிணைத்து வைத்திருக்கிறேன். கட்டளை வரியில் நேம்ஸ்பேஸுக்குள் நுழையும்போது தானாக மாறும் ரிசால்வ் கோப்பு, சிஸ்டம்டி சேவைக்குத் தானாக மாறாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கிளையன்ட்டின் வலை இடைமுகம் 8080 போர்ட்டில், ஆனால் நேம்ஸ்பேஸுக்கு உள்ளே இருக்கும். அதை அடைய இரு நேம்ஸ்பேஸ்களை இணைக்கும் மெய்நிகர் ஈதர்நெட் இணை போடலாம். ஆனால் அது மூடிய அறையில் மீண்டும் ஒரு கதவை வைப்பதாகும். வெளியே கேட்கும் சாக்கெட்டை நேம்ஸ்பேஸுக்குள் இயங்கும் சிஸ்டம்டி சாக்கெட் பிராக்சியோடு இணைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனெனில் அதற்குப் புதிய இடைமுகம் எதுவும் தேவையில்லை.

நீண்டகாலப் பயன்பாட்டில் உண்மையான சிரமம் தந்தது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை விபிஎன் சர்வர் நம் கணினிக்குக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங்தான். அது இல்லாமலும் பதிவிறக்கம் நடக்கும். ஆனால் இரு பக்கமும் போர்ட் மூடியிருந்தால் பெரும்பாலும் இருவரும் ஒருவரையொருவர் அடைய முடியாது. பகிர்பவர் ஓரிருவரே எஞ்சியிருக்கும் பழைய தொகுப்புகளில் இதன் வலி தெரியும். முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் 2023 ஜூலையில் இந்த வசதியை நிறுத்தியது. போர்ட்டைக் கேட்டுப் பெறும் நேட்-பிஎம்பி நெறிமுறை வழியாக வசதி தரும் சேவைகளில் போர்ட் குறுகிய காலத்திற்கே தரப்படுவதால், அதை இடைவிடாமல் புதுப்பித்து, எண் மாறும்போதெல்லாம் கிளையன்ட்டுக்குத் தெரிவிக்கும் சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டும். வேகத்தில் குறையில்லை. கைகுலுக்கல் (சுரங்கத்தின் இரு முனைகளும் சாவிகளை ஒப்புக்கொள்ளும் பரிமாற்றம்) நடந்தும் பெரிய தரவு மட்டும் நகராமல் நின்றால், எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, வயர்கார்டின் வழக்கமான 1420இலிருந்து குறைத்துப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு நான் நம்புவது, கடந்து செல்லும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்தான். இயற்பியல் இடைமுகத்தில் அதை ஓடவிட்டு, டொரண்ட் மும்முரமாக இயங்கும்போது, இந்தக் கணினியிலிருந்து விபிஎன் சர்வருக்கான யுடிபி பொட்டலங்களைத் தவிர டொரண்ட் சார்ந்த வேறெதுவும் தெரியக்கூடாது; டிஎன்எஸ் வினவல்கள் செல்லும் 53ஆம் போர்ட்டைத் தனியே கவனிக்க வேண்டும். பிறகு சுரங்கத்தை வேண்டுமென்றே இறக்கி, ஒரு பொட்டலமும் வெளியேறவில்லை என்று பார்க்க வேண்டும். கெர்னலோ சிஸ்டம்டியோ பெரிய பதிப்புக்கு உயரும்போதெல்லாம் இச்சோதனையை மீண்டும் செய்கிறேன். இயங்கும் சுரங்கத்தில் போக்குவரத்து இருக்கையில் கைகுலுக்கல் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். கடைசிக் கைகுலுக்கல் அதைவிட வெகுவாகப் பழையதானால் சுரங்கத்தை மீண்டும் எழுப்பும் டைமர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

எப்போதாவது ஓர் ஐஎஸ்ஓ பதிவிறக்க மடிக்கணினியைப் பயன்படுத்துபவருக்கு இவ்வளவும் தேவையில்லை. டிஎன்எஸ் கசிவை ஏற்றுக்கொள்ள முடியுமானால் இடைமுகப் பிணைப்பே போதும். ஆளில்லாமல் நாள் முழுதும் இயங்கும் கணினிக்கு நேம்ஸ்பேஸைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.